பட்டைக்குள் இருந்த கை

பயணிகள் ஏறி உட்கார்ந்தாயிற்று. பின்னால் ஒருவர் திறக்காத ஜன்னலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஆமை அண்ணன் இருக்கையை முன்னுக்கு இழுத்து, பக்கவாட்டுக் கண்ணாடியைச் சரிபார்த்து, சாவியைத் திருப்பப் போன நேரத்தில் சட்டைப் பையில் போன் அடித்தது.

ஆமை அண்ணன் என்பது பஸ் பணிமனையில் வைத்த பெயர். அவர் வண்டியை ஓட்ட மாட்டார், உருட்டுவார் என்று சின்ன வயசு டிரைவர்கள் சொல்வார்கள். ஏறும்போது கறுப்பாக இருந்த முடி இறங்கும்போது நரைத்துவிடும் என்பார்கள். ஆனால் அவர் வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கைக்குழந்தையோடு வருகிறவர்கள் முன்னால் நிற்கும் பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறுவார்கள்.

போனில் பேசியது கிளினிக் நர்ஸ். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். வண்டியில் என்றார் இவர். ஓட்டிக்கொண்டா இருக்கிறீர்கள் என்று கேட்டபோது அந்தப் பெண்ணின் குரல் மாறியிருந்தது. இன்னும் எடுக்கவில்லை என்றார்.

"எடுக்காதீங்க. சாவிய உருவிட்டு மெதுவா இறங்குங்க. காலையில உங்க பிரஷர் இருநூத்திப் பதினாலு வந்திருக்கு. கீழ அளவு நூத்தி இருபத்திரெண்டு. தலை வலிக்குதா? கண்ணு மங்குதா? ஒரு பக்கம் கை கால் மரத்த மாதிரி இருக்கா?"

அவருக்கு ஒன்றும் வலிக்கவில்லை. நன்றாகத் தூங்கி எழுந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் துழாவிக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவருக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் அந்தப் பிரஷர் மெஷின் பட்டைக்குள் இருந்தது அவர் கை இல்லை. மனைவியின் கை.

அறுபதை நெருங்கும் டிரைவர்கள் வருடா வருடம் உடம்பைக் காட்டிச் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் ஸ்டியரிங்கைத் தொட முடியாது. இவருக்கோ கிளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நெஞ்சு அடிக்கத் தொடங்கிவிடும். போன தடவை எடுத்த அளவைப் பார்த்த டாக்டர், டாக்டரைப் பார்த்தாலே சிலருக்கு ஏறும், வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு மெஷினைக் கொடுத்தனுப்பினார். காலையிலும் மாலையிலும் கையில் பட்டையைக் கட்டிப் பொத்தானை அமுக்க வேண்டும். அளவு தானாகக் கிளினிக்குக்குப் போய்விடும். எண்ணைப் பார்த்தால் இவர் இன்னும் பயப்படுவார் என்று திரையில் அது தெரியாமல் செய்திருந்தார்கள். முடிந்ததும் ஒரு பச்சை விளக்கு எரியும், அவ்வளவுதான். ஒரு வாரம் அளவு நன்றாக இருந்தால் சான்றில் கையெழுத்து.

முதல் நாள் பட்டை கையை இறுக்கத் தொடங்கியதுமே அவருக்குக் காதுக்குள் இதயம் அடித்தது. பாதியிலேயே பிய்த்துப் போட்டார். கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்த மனைவி சீப்போடு வந்து நின்றாள்.

"குடுங்க இப்படி. எனக்குத்தான் லோ பிரஷர் ஆச்சே. உங்களுக்குக் கொஞ்சம் கடன் குடுக்கறேன்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் கைதான்.

அவளுக்கு லோ பிரஷர் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூத்த மகள் பிறந்த சமயத்தில் மயங்கி விழுந்தாள். பிரஷர் குறைவாக இருக்கிறது, எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொல்லுங்கள் என்றார் அப்போது பார்த்த டாக்டர். அந்த மகளுக்கே இப்போது மீசை அரும்பும் வயதில் பிள்ளை இருக்கிறான். இடையில் ஒருவரும் அவள் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. களைப்பு என்றால் உப்புப் போட்ட எலுமிச்சை, தலைவலி என்றால் உப்புப் போட்ட எலுமிச்சை. வேலைக்குப் போகும்போதும் ஒரு பாட்டில் பைக்குள் போகும். வீட்டில் நோயாளி யார் என்றால் அவர்தான். அவள் கல் மாதிரி இருப்பவள்.

இன்று காலை பின்மண்டை கனக்கிறது என்று சொன்னாள். தலையில் ஒரு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு பட்டைக்குள் கையை நீட்டினாள். அவர் செய்தித்தாளை மடக்கவில்லை.

"கேக்குதா? லைன்ல இருக்கீங்களா?" என்றார் நர்ஸ்.

இருக்கிறேன் என்றார்.

மூன்று நாளாகவே அளவு கூடிக்கொண்டு வந்ததாகவும், பட்டையைத் தப்பாகக் கட்டியிருப்பார் என்று நினைத்ததாகவும், இன்று டாக்டரே பார்த்துவிட்டு உடனே கூப்பிடச் சொன்னதாகவும் நர்ஸ் சொன்னார். ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா என்று கேட்டார். அது என் கை இல்லை என்று சொல்வதற்கு நான்கு வார்த்தை போதும். நானே வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

உடனே மனைவியைக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் கூப்பிட்டார். அதற்குள் டைம் கீப்பர் தன் அறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டார். கிளினிக்கிலிருந்து அவருக்கும் சொல்லியிருந்தார்கள்.

"சாவியக் குடுங்கண்ணே. இறங்குங்க. தம்பிங்களா, அண்ணனக் கொஞ்சம் பிடிங்க."

இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து, கண்ணாடிப் பாத்திரத்தை இறக்குவதுபோல் அவரை இறக்கினார்கள். தனக்கு ஒன்றுமில்லை என்று அவர் சொல்லச் சொல்ல, பிரஷர்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று ஒருவர் தலையாட்டினார். டைம் கீப்பர் அறையின் ஒரே மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்கள். ஜன்னலோடு மல்லுக்கட்டிய பயணிகூட இறங்கி வந்து, தன் மாமனாருக்கு இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கும்போதே வாய் கோணிக்கொண்டது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வாய் கோணிக்கொண்டது என்று கேட்டதும் அவர் போனை எடுத்தார். மனைவியை மூன்றாம் தடவை கூப்பிட்டார். இந்த முறை எடுத்தார்கள். எடுத்தது அவள் இல்லை. தையல் மாஸ்டர்.

கடைத்தெருவில் ஒரு கட்டடத்தின் மாடியில் தையல்கூடம். பத்துப் பதினைந்து மெஷின் ஒன்றாக ஓடும் இரைச்சலில் மாஸ்டர் கத்திப் பேசினார். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு அக்கா போய்விட்டார்களாம். காலையிலிருந்து ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையாம். ஊசி இரண்டாகத் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தார்களாம். கண்ணாடியை மாற்ற வேண்டும்போல, கண்ணாடிக் கடைக்குப் போய் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினார்களாம்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"இப்பதான் ஒரு அரை மணி, முக்கால் மணி இருக்கும். ஏன் சார், ஏதாவது அவசரமா?"

அவர் எழுந்தார். டைம் கீப்பர் தோளை அமுக்கி உட்கார வைத்தார். வெளியே ஆமை அண்ணனின் ஸ்கூட்டர் நின்றது. அதன் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, வரும்வரை அசையக்கூடாது என்றார் டைம் கீப்பர். நல்ல மனுஷன். போன வருடம் அவருடைய அண்ணன் படுக்கையில் விழுந்தபோது ஆமை அண்ணன்தான் கூடவே இருந்தார். அதற்கெல்லாம் சேர்த்து இப்போது பார்த்துக்கொள்கிறார். உண்மையைச் சொன்னால் இந்த ஆள் இந்த நிமிடமே வண்டி எடுத்து வருவார். உண்மையைச் சொன்னால் இந்த ஆளே நாளைக்கு மேலே எழுதியும் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆமை அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போக வேண்டும் என்றார். அதை யாராலும் மறுக்க முடியவில்லை. கழிவறைக்குப் பின்னால் டயர் அடுக்கி வைத்த சந்து இருந்தது. அதன் வழியே தெருவுக்கு வந்தவர் ஓடத் தொடங்கினார். பாதித் தெரு தாண்டும்போது பின்னால் டைம் கீப்பரின் குரல் கேட்டது.

"அண்ணே, ஓடாதீங்கண்ணே. ஓடினா போயிடுவீங்க."

ஓடி எத்தனையோ வருடமாகியிருந்தது. முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் முனகியது. தெருவில் போகிறவர்கள் காக்கிச் சட்டை போட்ட கிழவர் எந்த பஸ்ஸைப் பிடிக்க இப்படி ஓடுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள். போன் அடித்தது. மகள். டைம் கீப்பர் இவர் வீட்டுக்கும் சொல்லிவிட்டார். அப்பா, உங்களுக்கு இருநூறாமே, எங்கே போகிறீர்கள், எங்கேயாவது உட்காருங்கள் என்று அழுதாள். அம்மா வந்தால் படுக்க வை, ஒரு வேலையும் செய்ய விடாதே என்றார் இவர். உங்களுக்கு உடம்பு சரியில்லாதபோது அம்மாவை ஏன் படுக்க வைக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். மூச்சு வாங்குகிறது என்று சொல்லி வைத்தார். அது உண்மைதான்.

கடைத்தெரு முனையில்தான் மனைவி எப்போதும் கண்ணாடி வாங்கும் கடை. உள்ளே ஒரு தாய் தன் பிள்ளைக்குக் கண்ணாடி பிரேம் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரருக்கு இவர் மனைவியைத் தெரியும். இன்று வரவில்லையே என்றார். எதிர் வரிசையில் இன்னொரு கடை. அங்கேயும் வரவில்லை. நடுவில் சாலை. அந்தச் சாலையில் அவர் தினமும் பஸ் ஓட்டுகிறார். எதைப் பார்த்தாலும் இரண்டாகத் தெரிகிற ஒருத்தி இதைக் கடந்திருந்தால் என்று நினைத்தவர், தன் பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே வந்தவர்களை எல்லாம் நினைத்தார். அவர் எப்போதும் நிறுத்தியிருக்கிறார். எல்லோரும் ஆமை இல்லை.

தையல்கூடத்திலேயே போய்க் கேட்போம், வேறு கடை ஏதாவது சொல்லியிருப்பாள் என்று அந்தக் கட்டடத்துக்கு நடந்தார். இனி ஓட முடியவில்லை. கீழே இரும்புக் கதவு. உள்ளே செங்குத்தான படிக்கட்டு. வெளிச்சத்திலிருந்து வந்தவருக்கு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது படியில் காலை வைக்கப் போனவர் எதையோ மிதிக்கப் பார்த்தார்.

"பாத்து. என் பாதம் அது."

சுவரில் தலையைச் சாய்த்து, மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கிளம்பியவள் கட்டடத்தைத் தாண்டவே இல்லை. படி இறங்கும்போது எந்தப் படி உண்மை, எந்தப் படி பொய் என்று தெரியவில்லையாம். கொஞ்சம் தெளியட்டும் என்று உட்கார்ந்தாளாம். மேலே போய்ச் சொன்னால் மாஸ்டர் லீவு போடச் சொல்வார், அதனால் சொல்லவில்லையாம். இதையெல்லாம் ஏதோ பக்கத்து வீட்டுக் கதை மாதிரி சொன்னாள். தலையில் கட்டிய துணி கண்வரை இறங்கியிருந்தது.

"லோ ஆயிடுச்சு போல. இருங்க, ஒரு வாய் குடிச்சா சரியாயிடும்."

பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பாதி காலியாகியிருந்தது. அவர் அதைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அவள் சேலையில் பாதி கொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கையிலிருந்து அவர் எதையும் பிடுங்கியதில்லை. அவள் வாயைத் திறந்தபடி பார்த்தாள்.

"உனக்கு லோ இல்ல. இருநூத்திப் பதினாலு. கிளினிக்ல இருந்து கூப்பிட்டாங்க. அது உன் கை."

அவள் கண்வரை இறங்கிய துணியை மேலே தள்ளினாள். மாடியில் மெஷின்கள் ஓடும் அதிர்வு படிக்கட்டில் தெரிந்தது. பிறகு அவள் முதலில் கேட்டது தன்னைப் பற்றி இல்லை.

"சொல்லிட்டீங்களா அவங்ககிட்ட?"

இல்லை என்றார். அவள் மூச்சு விட்டாள். இறங்கி வந்து ஆட்டோவில் ஏறும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஏறியதும் யோசனையை விரித்தாள். தலை வலித்தாலும் அவள் மூளை கத்திரிக்கோல் மாதிரிதான் வேலை செய்தது. அவர் மட்டும் உள்ளே போகட்டும். இருநூறு என்றால் அவருக்குத்தானே மாத்திரை எழுதுவார்கள், அதை வாங்கி வரட்டும். விழுங்குவது அவள். இன்னும் இரண்டு நாளில் கையெழுத்து ஆகிவிடும். அதன் பிறகு அவளே போய்ப் பார்த்துக்கொள்வாள்.

"உனக்குப் பைத்தியமா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்குத்தான் ஆகும். கால் ஒடிஞ்சு மூணு மாசம் வீட்ல கிடந்தீங்களே, ஞாபகம் இருக்கா? ஷேவ் பண்ணல. குளிக்கச் சொன்னா நாளைக்குன்னீங்க. ஜன்னல்ல போற பஸ்ஸுக்கெல்லாம் நம்பர் சொல்லிட்டு உக்காந்திருந்தீங்க. அந்தக் கிழவனோட என்னால குடும்பம் நடத்த முடியாது."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது நாக்குக் குழறியதா, அல்லது ஆட்டோ பள்ளத்தில் விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் முறைத்தாள். சிரிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள். சும்மா சிரி என்றார். அவள் பல்லைக் காட்டினாள். வாய் நேராகத்தான் இருந்தது. எதிரே கண்ணாடியில் ஆட்டோக்காரர் இந்த வயதிலும் கொஞ்சுகிறார்களே என்பதுபோல் பார்த்தார்.

அவள் சொன்ன யோசனை அபத்தம் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் ஆட்டோ போகப் போக அது அபத்தமாகத் தெரியவில்லை. மாத்திரை மாத்திரைதானே. யார் பெயரில் வாங்கினால் என்ன? இரண்டு நாள்தானே. நல்ல டிரைவருக்கும் இப்படித்தான் நடக்கும். மஞ்சள் விளக்கு எரியும், போய்விடலாம் என்று தோன்றும், கால் தானாக அழுத்தும். அவர் கால் அழுத்தாது. அழுத்தியதே இல்லை. இன்று அழுத்தப் பார்த்தது.

கிளினிக்கில் ஒரு நர்ஸ் வாசலிலேயே நின்றார். இவர் தெருவில் ஓடியதைப் பணிமனையிலிருந்து சொல்லியிருந்தார்கள். இவரைப் பார்த்ததும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மனைவி பின்னாலேயே நடந்து வந்து காத்திருக்கும் அறையின் பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தாள். துணையாக வந்தவர்கள் இங்கேயே இருங்கள் என்று அவளிடம் சொன்னார்கள். அவள் தலையாட்டினாள். ஆட்டியதில் வலித்திருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டாள்.

நல்ல உடம்போடு சக்கர நாற்காலியில் அவர் உள்ளே போனார்.

டாக்டர் இளம் பெண். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார். விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். கண்ணுக்குள் விளக்கடித்தார். பிறகு பட்டையைக் கட்டினார். இவருக்கு வழக்கம்போல நெஞ்சு அடித்தது. அதைக் கவனிக்க நேரமில்லாமல் கதவின் கண்ணாடி வழியே பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தலை சுவரில் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கம் சரிந்துகொண்டு வந்தது. நிமிர்த்திக்கொண்டாள். மறுபடியும் சரிந்தது.

நூற்று நாற்பத்தெட்டு. டாக்டர் நம்பாமல் அடுத்த கையில் கட்டினார். நூற்று நாற்பத்தாறு. ஓடிக் களைத்து வந்த ஆளுக்கு இது பெரிய அளவே இல்லை என்றார். வீட்டு மெஷினைக் கொண்டுவரச் சொன்னீர்களா என்று நர்ஸைக் கேட்டார். பிறகு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"நல்ல வேளை. மெஷின்தான் கெட்டுப்போயிருக்கு. எங்க தப்பு, உங்களத் தெருத் தெருவா ஓட வச்சுட்டோம். ஒரு சின்ன மாத்திரை எழுதறேன், உப்பக் குறைங்க. இந்த அளவுக்கு வண்டி ஓட்டலாம். சான்ற இப்பவே போட்டுடட்டுமா, இன்னொரு தடவை உங்கள அலைய வைக்க வேணாம்?"

பேனா திறந்திருந்தது. சான்றுத் தாள் அவர் கண்முன்னால் மேஜையில் இருந்தது. டாக்டர் தேதியைப் போட்டுவிட்டார். இவர் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. மெஷின் கெட்டுப்போனது என்று அவர்களே சொல்கிறார்கள். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். கையெழுத்து ஆன மறுநிமிடம் வெளியே போய், இவளுக்கும் தலை வலிக்கிறதாம், கொஞ்சம் பாருங்கள் என்று சொன்னால் பார்க்கப் போகிறார்கள். சீட்டு வாங்க வேண்டும், வரிசையில் எட்டுப் பத்துப் பேர். என்ன, அரை மணி நேரம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கைப்பையிலிருந்து எதையோ எடுக்கப் பார்த்தாள். கை பைக்குள் போகாமல் பைக்குப் பக்கத்தில் போனது. பெஞ்சைத் தடவியது. மறுபடியும் பைக்குப் பக்கத்திலேயே போனது. அங்கே இல்லாத ஒரு பையை அவள் திறந்துகொண்டிருந்தாள்.

"மெஷின் சரியாத்தான் இருக்கு, டாக்டர்."

பேனா நின்றது.

"அது என் கை இல்ல. வெளிய உக்காந்திருக்கா பாருங்க, தலையில துணி கட்டிட்டு. அவ கை. முதல் நாள்லேர்ந்தே அவ கைதான். பயந்துக்கிட்டு மாத்திட்டோம். அவளுக்கு எல்லாம் ரெண்டாத் தெரியுது. சீக்கிரம் பாருங்க."

அதற்குப் பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. டாக்டர் நாற்காலியைத் தள்ளிய வேகத்தில் அது சுவரில் மோதியது. அவர் உட்கார்ந்திருந்த சக்கர நாற்காலி தேவைப்பட்டது, எழுந்திருங்கள் என்று நர்ஸ் அவரை எழுப்பியே விட்டார். பெஞ்சில் வைத்தே பட்டையைக் கட்டினார்கள். இருநூற்று இருபது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். இரண்டும் எழுந்தன. ஒன்று கொஞ்சம் தாமதமாக எழுந்ததாக அவருக்குத் தோன்றியது. டாக்டருக்கும் தோன்றியதா என்று அவர் முகத்தைப் பார்த்தார். டாக்டர் அதற்குள் அவள் கண்ணுக்குள் விளக்கடிக்கக் குனிந்துவிட்டார்.

மனைவி டாக்டரைத் தாண்டி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் அவளுக்குக் குழப்பம் இல்லை.

"சொல்லிட்டீங்கல்ல."

ஆமாம் என்றார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போனார்கள். டைம் கீப்பர் அவருக்காகச் சொல்லி வைத்திருந்த அதே ஆம்புலன்ஸ்தான், பணிமனைக்குப் போய் ஆளைக் காணாமல் கிளினிக்குக்கு வந்திருந்தது. வண்டியில் ஏறும்முன் கிளினிக் டாக்டர் இவரிடம் இரண்டு விஷயம் சொன்னார். பிரஷரைச் சடாரென்று இறக்கக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்குவார்கள், மூளையைப் படமெடுத்துப் பார்த்த பிறகுதான் எதுவும் சொல்ல முடியும் என்பது ஒன்று. சான்று விஷயத்தில் நடந்ததை நடந்தபடி எழுதித்தான் ஆக வேண்டும் என்பது இன்னொன்று. எழுதுங்கள் என்றார் இவர். இரண்டாவதை அவர் சரியாகக் கேட்கக்கூட இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவளை ஏற்றிப் படுக்க வைத்தார்கள். கையில் ஊசி வழியே மருந்து இறங்கியது. இன்னொரு கையில் பட்டை. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அது தானாக இறுகித் தானாகத் தளர்ந்தது. இங்கே எண் மறைந்திருக்கவில்லை. பெரிதாக, சிவப்பாகத் தெரிந்தது. இத்தனை நாள் தன் எண்ணைப் பார்க்கப் பயந்தவர் அவள் எண்ணை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருநூற்றுப் பத்து. இருநூற்று நான்கு. மறுபடியும் இருநூற்று ஏழு. ஏறியபோது அவர் எழுந்து நின்றார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, நீங்கள் உட்காருங்கள், நின்றால் இறங்கிவிடாது என்றார்.

மகள் வந்தாள். அப்பா படுத்திருப்பார் என்று ஓடி வந்தவள், அப்பா நிற்பதையும் அம்மா படுத்திருப்பதையும் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள். அவளிடம் முழுவதையும் சொன்னார். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அம்மாவுக்கு லோதானே அப்பா என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள். சின்ன வயதிலிருந்து அவளும் அம்மாவுக்கு உப்புக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

அவளை அழைத்துப்போய் மூளையைப் படமெடுத்துக்கொண்டு வந்தார்கள். ரத்தக் கசிவு இல்லை என்றார் அங்கிருந்த பெரிய டாக்டர். கண்ணுக்குப் பின்னால் வீக்கம் இருக்கிறது, பார்வை பெரும்பாலும் திரும்பும், முழுக்கத் திரும்புமா என்று இன்றைக்குச் சொல்ல மாட்டேன் என்றார். இன்னும் ஒரு இரவு தாங்கியிருக்காது என்று ஆங்கிலம் கலந்து மெதுவாக மகளிடம் சொன்னார். அவருக்கும் கேட்டது.

தாழ்வாரத்தில் நின்று டைம் கீப்பருக்குப் போன் செய்தார். அவர் எடுத்ததும், உயிரோடு இருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். இவர் நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் பணிமனைச் சத்தம் கேட்டது. ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தது. யாரோ யாரையோ ஒதுங்கச் சொன்னார்கள்.

"நாளைக்கு உங்க வண்டிக்கு வேற ஆளப் போடறேண்ணே. அப்புறம் மேல என்ன சொல்றாங்களோ." பிறகு கேட்டார். "அப்ப உங்களுக்கு ஒண்ணுமில்லதானே?"

"தெரியல தம்பி. இதுவரைக்கும் ஒழுங்காப் பாத்ததே இல்லையே."

அவர் திரும்பி வந்தபோது மகள் மருந்து வாங்கப் போயிருந்தாள். மனைவி கண்ணைத் திறந்திருந்தாள். எண் நூற்று எண்பத்தொன்று. அவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டார். அவள் கண்ணை மருந்து பாட்டிலுக்குத் திருப்பினாள். அவர் வேலையைக் காப்பாற்றப் போன கூட்டாளியை அவரே காட்டிக்கொடுத்துவிட்டார் என்று கோபம். அந்தக் கோபம் எத்தனை நாள் நிற்கும் என்று அவருக்கு அனுபவம் உண்டு. நிற்கட்டும். எத்தனை நாள் வேண்டுமானாலும் நிற்கட்டும் என்று நினைத்தார்.

பட்டை இறுகத் தொடங்கியது. அவள் முகம் சுளித்தாள்.

"வலிக்குதா?" என்றார்.

"இப்பதான் கேக்கத் தோணிச்சா" என்றாள் அவள்.